கணப்பின் முன்னால் ஒருவர்

டொர்கெல் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தாலே ஏதாவது கெட்ட செய்தியோடுதான் வருவார். அதனால் ஜனவரியில் ஒருநாள் அவர் வாயெல்லாம் பல்லாக எங்கள் ஆபீஸ் வாசலில் நின்று பனிக்காலணியைக் கழற்றியபோது கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். ஸ்வீடன்காரர்கள் கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நாங்கள் நல்ல செய்தியைக்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொல்வோம்.

எங்கள் கம்பெனி ஸ்வீடனுக்குக் கடல் தாண்டிக் கிழக்கே, காயானி என்ற ஊரில் இருக்கிறது. வீடியோ கேம் செய்கிறோம். மொத்தம் இருபது பேர்கூட இல்லை. நான் மெர்வி. மற்றவர்களை விரட்டி வேலையை நேரத்துக்கு முடிக்க வைப்பது என் பொறுப்பு, அதாவது யாருக்கும் பிடிக்காத ஆள். கம்பெனியை ஆரம்பித்தவன் இல்போ. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து, அதை விட்டுவிட்டு வந்தவன். சின்ன வயதிலிருந்தே எனக்குச் சிநேகிதம். விளையாட்டை யோசிப்பதெல்லாம் அவன்தான்.

‘கடைசி விறகு’ என்று ஒரு விளையாட்டைச் செய்து வெளியிட்டிருந்தோம். நீங்கள் பனிக்காட்டில் தனியாக மாட்டிக்கொண்ட ஆள். ஓநாய்களுக்குத் தப்பி, குளிரில் விறைத்துச் சாகாமல் வீடு போய்ச் சேரவேண்டும். வழியில் ஒரு மரக்குடில், அதற்குள் ஒரு கணப்பு அடுப்பு. அங்கே உட்கார்ந்து விறகு போட்டுக் குளிர் காய்ந்துகொள்ளலாம். ஓநாய் உள்ளே வராது. காய்ந்து முடித்ததும் மறுபடி காட்டுக்குள் போகவேண்டியதுதான்.

டொர்கெல் வேலை பார்ப்பது பெரிய இடத்தில். டிவிக்குக் கீழே வைக்கிற விளையாட்டுப் பெட்டியை உலகம் முழுக்க விற்றுப் பணக்காரர்களானவர்கள். அடுத்ததற்குப் பெட்டியே கிடையாது என்று இப்போது அறிவித்திருக்கிறார்கள். பெட்டி இல்லை, அதில் போடுகிற தட்டும் இல்லை. மாதச் சந்தா கட்டினால் விளையாட்டு எங்கோ ஒரு சர்வரில் ஓடும், படம் மட்டும் உங்கள் வீட்டுக்கு வரும். அந்த சர்வர் கூடங்களில் ஒன்று எங்கள் ஊர்ப் பழைய காகித ஆலைக்குள்ளேயே இருக்கிறது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் கூரை தெரியும். மற்ற கூரைகளில் பனி முழங்கால் உயரம் கிடக்கும், சர்வர் சூட்டில் அதில் மட்டும் நிற்காது.

சந்தா மட்டும் பழைய பெட்டியிலேயே தொடங்கிவிட்டது, எங்கள் விளையாட்டு ஒரு வருடமாக அதில் கிடந்தது. ஆட்கள் எவ்வளவு நேரம் விளையாடுகிறார்களோ அதற்கேற்ப எங்களுக்குப் பணம். ஆனால் சந்தாவில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் இருக்கின்றன. ஸ்டாக்ஹோம் போகும் பயணிகள் கப்பலில் போடும் பஃபே விருந்தில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு வாய் கடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே எங்களுக்குக் கடன் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. பாதிப் பேரை அனுப்பவேண்டும் என்று இல்போ எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னான். யார் யார் என்று அவன் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கடைசியில் சேர்ந்தவர்கள் முதலில் போவார்கள். சோதனை அறையில் உட்காரும் பின்யா சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அன்று முதல் காபி மெஷின் பக்கத்தில் யாரும் நின்று பேசுவதில்லை.

இந்த நிலையில்தான் டொர்கெல் வந்து தன் கம்ப்யூட்டரைச் சுவரிலிருந்த திரையில் மாட்டினார். எங்கள் விளையாட்டின் காடு அதில் மேலிருந்து பார்த்தபடி விரிந்தது. ஆட்கள் அதிக நேரம் இருக்கும் இடம் சிவப்பாகத் தெரியும், ஓடிக் கடக்கும் இடம் வெளிறிப்போயிருக்கும். காடு முழுக்க வெளிறிக் கிடந்தது. குடிலில், கணப்புக்கு முன்னால், ஒரே ஒரு இடம் ரத்தச் சிவப்பில் எரிந்தது.

“வராங்க, உட்கார்றாங்க, விறகு போடறாங்க. மணிக்கணக்கா. ஓநாயை ஏறெடுத்தும் பாக்கறதில்ல,” என்றார் டொர்கெல். “பிரேசில்ல, ஜப்பான்ல, போலந்துல, எல்லா ஊர்லயும் இதே கதை. எங்க சந்தாவுல ஜனங்க ஒரு எடத்துல இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல.”

இல்போ எழுந்து ஜன்னலருகே போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு திரும்பாமலே சொன்னான். “எனக்கு அந்த அடுப்பு மட்டுந்தான் பிடிக்கும். வேற யாருக்கும் பிடிக்காதுன்னு நெனச்சுத்தான் ஓநாயைச் சேர்த்தேன்.”

அடுத்த விளையாட்டு முழுக்கவே அந்த அடுப்பைச் சுற்றி இருக்கட்டும் என்றார் டொர்கெல். பெட்டியில்லாத புதுச் சேவை இலையுதிர் காலத்தில் வெளிவரும் நாளிலேயே அதுவும் வரவேண்டும், அவர்களிடம் மட்டும், வேறு எங்கும் கிடைக்கக்கூடாது. அதற்குக் கொடுக்கும் பணத்தில் எங்கள் எல்லோருக்கும் இரண்டு வருடம் சம்பளம் ஓடும்; கையெழுத்து மார்ச்சில், அதுவரைக்கும் கொஞ்சம் முன்பணம். இல்போ ஒன்றே ஒன்று கேட்டான். பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் தட்டும் அச்சிட்டு விற்கலாமா என்றான். டொர்கெல் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்.

“சந்தாவுல இருந்து நீங்க எடுத்துட்டா?” என்று கேட்டான் இல்போ.

“எடுத்துட்டா இல்ல. அவ்ளோதான்.”

“யார் வீட்டு அலமாரியிலயும் இருக்காது?”

“அலமாரி யார் வெச்சிருக்காங்க இப்போ?” என்றார் டொர்கெல்.

ஆட்குறைப்புப் பேச்சை அன்று மதியமே நிறுத்திவிட்டோம். யாரோ ஓடிப்போய் எங்கள் ஊர்ப் பெர்ரி ரொட்டி வாங்கி வந்தார்கள். பின்யா என்னைக் கட்டிப்பிடித்தாள். என்னை யாரும் கட்டிப்பிடிப்பதில்லை, அதனால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

பிப்ரவரி முழுக்க இல்போ வேறு ஆளாக இருந்தான். ஏரிக்கரையில் இருக்கும் தன் குடிலுக்குப் போய் பிர்ச் மர விறகு எரியும் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தான். ஈர விறகு, காய்ந்த விறகு, பட்டை உரித்தது, உரிக்காதது என்று தனித்தனியாக. புது விளையாட்டிலிருந்து ஓநாய்களை எடுத்துவிட்டான். புரோகிராமர் யார்க்கோ, இது விளையாட்டா தியானமா என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். இல்போ கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்; அதை ஆறவிட்டு, ‘நம்ம ஆளுங்க’ளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவர்களுக்கு அவன் வைத்த பேர் அது. பிரேசிலில் ஒரு நர்ஸ், ராத்திரி வேலை முடிந்து வந்தவள், தூக்கம் வராமல் நாலு கட்டை போட்டுவிட்டுப் படுக்கப் போகிறாள். ஒசாகாவில் ஒருவர், யாரோடும் பேசப் பிடிக்காதவர். இப்படி ஆளுக்கொரு கதை கட்டிவைத்திருந்தான். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இத்தனை ஜனங்கள் ஒரே மாதத்தில் அவனுக்குச் சொந்தமாகிவிட்டார்கள். எனக்கு அது அப்போதே பயமாகத்தான் இருந்தது. ஆனால் சம்பளம் வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச்சில் பனிச்சறுக்கு விடுமுறை வந்தது. அந்த வாரம் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது, ஆபீஸும் பாதி கிடையாது. நாங்கள் ஆபீஸையே பூட்டிவிடுவோம். நான் பக்கத்து மலையான வுவோகட்டியில் பனித் தடத்தில் சறுக்கிக்கொண்டிருந்தபோது டொர்கெல் கூப்பிட்டார். பல்லால் கையுறையைக் கழற்றிப் போனை எடுத்தேன்.

“மெர்வி, உங்க அடுப்பு அணைஞ்சு போச்சு,” என்றார். சனிக்கிழமையிலிருந்து அங்கே யாரும் உட்காரவில்லையாம். அவரே காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். “அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. உங்களுக்குப் பனிச்சறுக்கு லீவு இல்ல? எல்லாரும் மலைக்குப் போயிருப்பாங்க. சரி சரி, நீங்களும் அனுபவிங்க.”

நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். கொஞ்ச தூரம் சறுக்கினேன். ஒரு வளைவு தாண்டியதும் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு குடும்பம் என்னைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனது. பிரேசிலில் ஏது பனிச்சறுக்கு விடுமுறை?

பின்யாவைக் கூப்பிட்டேன். அவள் வடக்கே அண்ணன் வீட்டில் இருந்தாள். கிளம்பும்போது ஆபீஸில் எதையெதை அணைத்தாய் என்று கேட்டேன். எல்லாவற்றையும் பிளக்கிலிருந்தே பிடுங்கிவிட்டேன், கட்டடக் காவலாளி தீப்பிடிக்கும் என்று இந்தத் தடவை சத்தம் போட்டாரே என்றாள். சோதனை ஆட்களையும்தான் என்றாள்.

சோதனை ஆட்கள் என்றால் ஆட்கள் இல்லை. விளையாட்டு நாள்கணக்கில் விடாமல் ஓடினால் நடுவில் படுத்துவிடுகிறதா என்று பார்க்க, ஆள் இல்லாமல் தானே ஆடும்படி ஒரு புரோகிராம் எழுதி விட்டுவைப்போம். முன்பெல்லாம் அதற்கென்று சோதனைப் பெட்டிகள் இருந்தன. இனி பெட்டியே இல்லை என்று டொர்கெலின் ஆட்கள் போன கோடையில் அவற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகச் சோதனைக் கணக்கு தருகிறோம் என்றவர்கள் தரவேயில்லை. பின்யா கெட்டிக்காரி. பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி அவர்கள் அனுப்பிய இலவசச் சந்தா அட்டைகள் ஒரு பெட்டி நிறைய மீந்துகிடந்தன; அதில் ஆடும் நேரத்துக்கு எங்களுக்குக் காசு வராது, எண்ணிக்கையில் மட்டும் சேரும். அவற்றைச் சுரண்டி, சாதாரண வாடிக்கையாளர் மாதிரியே நூற்றுக்கணக்கில் உள்ளே அனுப்பிவிட்டாள். தூரத்திலிருந்து ஆடினால் படம் தடுமாறுகிறதா என்று பார்க்கவேண்டுமே, அதனால் பிரேசில் வழியாகக் கொஞ்சம், ஜப்பான் வழியாகக் கொஞ்சம்.

“அவங்க உள்ள போயி என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டேன்.

“எங்கயாச்சும் நின்னா ஓநாய் தின்னுடும், இல்ல குளிர்ல செத்துடுவாங்க. அதனால அடுப்புகிட்ட உட்கார வெச்சிருக்கேன். சும்மா உட்கார்ந்திருந்தா ஆள் இல்லேன்னு சர்வர் துரத்திவிட்டுடும். அதனால அப்பப்ப ஒரு கட்டையை எடுத்துப் போடச் சொல்லி…”

அண்ணன் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“மெர்வி,” என்றாள். “அந்தச் சிவப்பு நான்தானா?”

நான் ஒன்றும் உத்தமி இல்லை. திங்கட்கிழமை பிளக்கைத் திரும்ப மாட்டினால் அடுப்பு எரியத் தொடங்கிவிடும், அந்த வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து, டொர்கெலே ஒரு காரணமும் சொல்லிவிட்டார், யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படித்தான் இரண்டு நாள் யோசித்தேன். பின்யாவிடமும் வாயைத் திறக்காதே என்றேன். சனிக்கிழமை காலையில் இல்போ கூப்பிட்டான். புது விளையாட்டு ஆரம்பிக்கும்போது கறுப்புத் திரையில் ஒரு வரி போடப்போகிறானாம், ‘அடுப்பருகே உட்கார்ந்தவர்களுக்கு’ என்று. நல்லாயிருக்கா என்று கேட்டான். நல்லாயிருக்கு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுக் காரை எடுத்தேன். அவன் அந்த வரியை எழுதாமல் இருந்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன்.

அவன் ஏரி நடுவில் உறைபனியில் துளை போட்டு, ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். வெயிலில் கண் கூசியது. பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவன் தூண்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

“எல்லாருமா?” என்றான்.

“கிட்டத்தட்ட.”

“கிட்டத்தட்டன்னா?”

“தெரியல இல்போ. நிஜ ஆளுங்களும் வராங்க. குளிர் காய்ஞ்சுட்டுப் போயிடறாங்க. உட்கார்றாங்களான்னு சொல்ல முடியல.”

“அந்த நர்ஸ்,” என்றான். பிறகு போனை எடுத்து டொர்கெலைக் கூப்பிட்டான். நான் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவரிடம் சொன்னான். நானும் கேட்கும்படி போனைப் பிடித்திருந்தான். ஸ்வீடன்காரர் ஒருவர் அவ்வளவு நேரம் பேசாமலிருந்து நான் கேட்டதில்லை.

“இல்போ, நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. லைன் சரியில்ல,” என்றார் கடைசியில்.

“லைன் நல்லாத்தான் இருக்கு.”

“இல்ல, சரியில்ல. நான் சொல்றதை மட்டும் கேளுங்க. அந்தச் சிவப்புப் படம் எனக்கு மேல இருக்கற எல்லார் கைக்கும் போயாச்சு. புதுச் சேவையை மேடையில காட்டும்போது மொதல்ல வரப்போறதே உங்க அடுப்புதான். என் வேலையும் அதுகிட்டதான் குளிர் காயுது. மெஷினையெல்லாம் மாட்டி விடுங்க, இலையுதிர் காலம் வரைக்கும் எரியட்டும். வெள்ளிக்கிழமை பார்ப்போம்.”

போன் நின்றதும் இல்போ, கையெழுத்துப் போடமாட்டேன் என்றான். எனக்கு அப்போதுதான் கோபம் தலைக்கேறியது. நடு ஏரியில் நின்று கத்தினேன். உன் நேர்மைக்கு யார் விலை கொடுப்பது, பின்யாவா, போன வருடம் வீடு வாங்கிய யார்க்கோவா, உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது அவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“நேர்மையெல்லாம் ஒண்ணுமில்ல மெர்வி,” என்றான். “யாருமே இல்லாத வீட்டுக்கு நான் எப்படி அடுப்பு கட்டறது? கை வரமாட்டேங்குது.”

தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டு எழுந்தான். “மெஷின் எதையும் மாட்டாதீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். நிஜமா ஒருத்தர், ஒரே ஒருத்தர், சும்மா உட்கார்ந்து விறகு போட்டுட்டு இருந்தாப் போதும். போட்டுடறேன் கையெழுத்து. இல்லேன்னா இல்ல.”

திங்கட்கிழமை காலைக் காபியின்போது இதையெல்லாம் அவனே எல்லோரிடமும் சொன்னான். பின்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை யாரும் குற்றம் சொல்லக்கூடாது, நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று இல்போ சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மற்றவர்கள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு இடத்துக்குப் போனார்கள். சுவர்த் திரையில் நாள் முழுக்க அந்தக் காடு தெரிந்தது. வெளிறிய கோடுகள் குடிலுக்குள் வந்தன, கொஞ்சம் நின்றன, போய்விட்டன. கணப்பு வெறுமையாகக் கிடந்தது. இல்போ தன் நாற்காலியைத் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது சோதனை அறைக்குள் நுழைந்து, பின்யாவின் பெட்டியிலிருந்து ஒரு சந்தா அட்டையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் அங்கே இல்லை.

வீட்டில் சாப்பாடு முடிந்ததும் அட்டையைச் சுரண்டி உள்ளே போனேன். என் புருஷன், என்ன இது அதிசயம் என்றார். நாங்கள் செய்த விளையாட்டை நான் வீட்டில் ஒருநாளும் தொட்டதில்லை. குடிலைக் கண்டுபிடிப்பதற்குள் ஓநாய் இரண்டு தடவை என்னைத் தின்றது. பிறகு உட்கார்ந்தேன். ஒரு கட்டை போட்டேன். அது எரிந்தது. இன்னொன்று போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், சலிப்பு என்றால் அப்படி ஒரு சலிப்பு. கையில் பின்னல் வேலை இருந்தாலாவது தேவலை என்று தோன்றியது. என் இடத்தில் பின்யாவின் புரோகிராம் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தால் அந்த இடம் மறுபடி வெளிறிப்போகும். இல்போ தன் வீட்டில் அந்தக் காட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் வந்திருந்தான். திரையைத் தொட்டுக் காட்டினான். கணப்பின் முன்னால் லேசாக மஞ்சள் தட்டிய ஒரு புள்ளி.

“ஒருத்தர் இருந்தாங்க,” என்றான். “ரொம்ப நேரம்.”

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படியா, நல்லதுதான் என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனேன். நாற்பத்தாறு வயதில், கணக்குப் பரீட்சையில் பார்த்து எழுதிய பெண் மாதிரி திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

புதன்கிழமை மூன்று புள்ளி இருந்தது. முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் பின்யாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதைக் கவனித்தேன். யார்க்கோ மீட்டிங்கில் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டான். சோதனை அறையில் சந்தா அட்டைகள் இருந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், நான் எடுத்தபோது இருந்ததைவிட எடை குறைந்திருந்தது. வியாழக்கிழமை பட்டாணி சூப் சாப்பிடும்போது திரையில் அந்த இடம் ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. வேலை போகவிருந்தவர்கள் எத்தனை பேரோ ஏறக்குறைய அத்தனை புள்ளிகள். மேஜையைச் சுற்றி யாரும் யாரையும் பார்க்கவில்லை. சூப் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். ஆமாம் என்றார் இன்னொருவர். எங்களுக்குள் இதைப் பற்றி அன்று வரைக்கும் ஒரு பேச்சு நடந்ததில்லை, பிறகும் நடக்கவில்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்தப் புள்ளிகளில் ஒன்று நிஜமாக இருந்தால்? எங்கோ ஒரு நர்ஸ் வேலை முடிந்து வந்து இரண்டு கட்டை போட்டுவிட்டுத்தான் போயிருந்தால்? இந்த வாரம் நாங்கள் யாரும் அசையாமல் இருந்திருந்தால் அவள் தனியாகத் தெரிந்திருப்பாள். இப்போது அவளைச் சுற்றி நாங்கள் கூட்டமாக உட்கார்ந்து மறைத்துவிட்டோம். அவன் கேட்டது ஒரே ஒருவரை. அந்த ஒருவர் இருந்தாரா இல்லையா என்று இனி அவனுக்குத் தெரியவே போவதில்லை. அதைச் செய்தது நான்தான், மற்றவர்களுக்கு முன்னால்.

வெள்ளிக்கிழமை டொர்கெல் வந்தார். திரையைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பாத்தீங்களா, எரியுது,” என்றார். மெஷினை மாட்டிவிட்டார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. ஒப்பந்தத்தை மேஜையில் விரித்துப் பேனாவை எடுத்து நீட்டினார்.

இல்போ பேனாவை வாங்கிக்கொண்டான். உடனே எழுதவில்லை. திரையை ஒருமுறை பார்த்தான். பிறகு எங்களை, ஒவ்வொருவராக, மெதுவாகப் பார்த்தான். யார்க்கோவின் சிவந்த கண்களை, பின்யாவை, கடைசியில் என்னை. வகுப்பில் எல்லோரும் ஒரே தப்பு விடையை எழுதியிருப்பதைக் கண்டுபிடித்த வாத்தியார் அப்படித்தான் பார்ப்பார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“எனக்கென்னவோ,” என்றான், “அடுத்த மார்ச்சுல இவங்களும் ஒரு வாரம் பனிச்சறுக்குக்குப் போயிடுவாங்கன்னு தோணுது.”

டொர்கெல் மேஜையைத் தட்டிச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பின்யா கையால் வாயை மூடிக்கொண்டாள். இல்போ குனிந்து ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

டொர்கெலை விமானத்துக்கு ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. எல்லோரும் வாசலில் குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். இல்போ தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கதவருகே நின்றான். யாரையும் பார்க்காமல், தன் கையுறையைப் பார்த்தபடி சொன்னான்.

“இன்னிக்கு யாரும் முழிச்சிருக்க வேண்டாம். போய்த் தூங்குங்க. நான் உட்கார்ந்துக்கறேன்.”

கதவு மூடியது. அவன் காலடியில் பனி நொறுங்கும் சத்தம் தேய்ந்துபோகும்வரை நாங்கள் ஒரு கால் செருப்பும் ஒரு கால் காலணியுமாக நின்றிருந்தோம். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. யார்க்கோ என் தோளை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

எல்லோரும் போனபிறகு உள்ளே வந்து திரையை அணைக்கப் போனேன். காலையில் எரிந்த இடம் ஆறி, காடு வெளிறிக் கிடந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். குடிலுக்குள் ஒருவர் வந்தார். கணப்பின் முன்னால் போய் உட்கார்ந்தார், இல்போவா, முகம் தெரியாத யாரோவா, தெரியவில்லை. நான் திரையை அணைக்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன்.